லாரிக்கும் பிக்கப்புக்கும் புது டயர் மாற்றினால் காற்று எவ்வளவு வைப்பது? எடைச்சீட்டிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

வேலூர் பைபாஸில் எந்தப் பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினாலும் "எவ்வளவு வைக்கட்டும்ணா?" என்று கேட்பார்கள். "120 வைங்க பாய்" என்று பிஎஸ்ஐ என்னும் காற்றழுத்த அளவில் டிரைவர் சொல்லுவார். என்ன டயர், எத்தனை ப்ளை (டயரின் பலத்தைச் சொல்லும் எண்), மேலே என்ன லோடு என்று இருவரில் யாரும் பேசுவதில்லை. வண்டியோடு வந்த கம்பெனி டயர் இருக்கும்வரை இந்தப் பழக்கத்தில் ஓரளவு ஓட்டிவிடலாம். அது தேய்ந்து, வேறு அளவிலோ கூடுதல் ப்ளையிலோ டயர் வாங்கிப் போட்டபிறகும் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால் பணம் போகும். சில நேரம் உயிரும் போகும்.

டயர் மேல் ஏறும் எடையைத் தாங்குவது உள்ளே அடைத்திருக்கும் காற்று. ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. அதனால் எவ்வளவு காற்று என்பதை ஒவ்வொரு டயர் மேலும் உட்காரும் கிலோதான் முடிவு செய்யவேண்டும். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் சைடு அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் சூடு பிறக்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், ஆம்பூர், வாணியம்பாடி என்று நிற்காமல் ஓடும் வண்டியில், அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை. ரப்பர் கம்பியை விட்டுப் பிரிந்து, பட்டை பட்டையாக உரிந்து ரோட்டில் கிடக்கும். அதிகக் காற்றிலும் கெடுதல் உண்டு. நடுப்பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பரின் நடுப்பகுதி) மட்டும் தேயும், பள்ளத்தில் விழுந்தால் உள்கட்டு உடையும், மழையில் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். இரண்டில் ஆபத்தானது குறைந்த காற்று என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டயரின் சைடைப் படியுங்கள்

வண்டிக் கதவிலோ கேபினுக்குள்ளோ ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் அழுத்தம், அதில் எழுதியிருக்கும் டயர் அளவுக்கு மட்டும்தான். அதே அளவு, அதே லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) உள்ள டயரையே மறுபடி வாங்கியிருந்தால் ஸ்டிக்கரில் உள்ளதை அப்படியே வையுங்கள். அப்புறம் நீங்கள் பார்க்கவேண்டியது எடை அளவு மீறாமல் இருக்கிறதா என்பது மட்டுமே.

அளவோ ப்ளையோ மாறியிருந்தால் புது டயரின் சைடில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது அளவு: 10.00 ஆர் 20, 295/90 ஆர் 20, 295/80 ஆர் 22.5 என்று இருக்கும். இரண்டாவது பிஆர், அதாவது ப்ளை ரேட்டிங். 16 பிஆர் என்றால் உள்ளே 16 அடுக்கு இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். முழு ஸ்டீல் ரேடியலின் உடம்பில் ஒரே ஓர் அடுக்குக் கம்பிதான் இருக்கும். பழைய நைலான் டயர் காலத்துக் கணக்கில் சொல்லும் பலம் அது. மூன்றாவது லோடு இன்டெக்ஸ், கூடவே சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வரி: சிங்கிளாக ஓடினால் எத்தனை கிலோ, ஒரு பக்கத்தில் இரண்டு டயர் சேர்ந்து ஜோடியாக ஓடினால் எத்தனை கிலோ, எவ்வளவு அழுத்தத்தில். இந்த மூன்றில் மிக முக்கியமானது அந்தச் சிறிய எழுத்து வரி. அதை யாரும் படிப்பதில்லை.

நம் பக்கம் அதிகம் ஓடும் 10.00 ஆர் 20-ஐயே எடுத்துக்கொள்வோம். 16 பிஆர் டயரில் 146/143 என்று இருக்கும். சிங்கிளாக 3,000 கிலோ, ஜோடியில் ஒவ்வொன்றும் 2,725 கிலோ, 830 கிலோபாஸ்கல் அழுத்தத்தில். அது 120 பிஎஸ்ஐ. 18 பிஆர் டயரில் 149/146 என்று இருக்கும். சிங்கிளாக 3,250, ஜோடியில் 3,000 கிலோ, 930 கிலோபாஸ்கலில், அதாவது 135 பிஎஸ்ஐ. இவை எல்லாமே குளிர்ந்த டயருக்கான எண்கள். டயரில் கிலோபாஸ்கல் மட்டும் இருந்தால் 6.9-ஆல் வகுத்தால் பிஎஸ்ஐ வந்துவிடும். கம்பெனிக்குக் கம்பெனி சிறு வித்தியாசம் இருக்கும் என்பதால் உங்கள் டயரில் எழுதியிருப்பதையே கணக்கில் எடுங்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கூடுதல் பணம் கொடுத்து 18 பிஆர் வாங்கிவிட்டு, பழக்கத்தில் 120 வைக்கிறார்கள். அந்த 18 பிஆர் டயர் 120-இல் தாங்குவது கிட்டத்தட்ட அதே 3,000 கிலோ. 16 பிஆர் தாங்குவதும் அதுதான். ப்ளை கூடினால் தானாக எடை தாங்கும் சக்தி கூடிவிடாது. கூடுதல் காற்றைப் பிடித்து வைக்கும் பலம் கூடுகிறது. அந்தக் காற்றை அடைக்காவிட்டால் கொடுத்த பணத்துக்குப் பலன் இல்லை.

அதே நேரம், சைடில் இருக்கும் 135 என்பது அந்த டயரின் முழு எடைக்கான எண். எல்லா வண்டியிலும் எல்லா லோடுக்கும் 135 அடித்துவிடுங்கள் என்று டயர் சொல்லவில்லை. டயருக்கு இருப்பது போல, அதை மாட்டும் இரும்புச் சக்கரமான டிஸ்குக்கும் ஓர் அழுத்த எல்லை உண்டு. பழைய டிஸ்கில் 18 பிஆர் மாட்டுவதாக இருந்தால், அதில் பொறித்திருப்பதைப் பாருங்கள். துருவோ விரிசலோ இருந்தால் அந்த டிஸ்கை ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் எடைமேடை

ஆர்சி புத்தகத்தில் உள்ள எடையை வைத்துக் கணக்குப் போட்டால் பாதிதான் தெரியும். முன் ஆக்சிலில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பிரித்துத் தெரியவேண்டும். வழக்கமாக ஏற்றும் லோடை ஏற்றி, டீசல் நிரப்பி, டிரைவரும் கிளீனரும் உட்கார்ந்த நிலையில் எடைமேடைக்குப் போங்கள். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஓர் எடை, முழு வண்டியும் ஏறியபின் ஓர் எடை. கழித்தால் பின்பக்க எடை கிடைத்துவிடும். மேடைக்கு வெளியே உள்ள தரையும் சம மட்டமாக இருக்கவேண்டும். சரிவில் நிற்கும் வண்டியில் ஆக்சில் எடை தப்பாகக் காட்டும். ஹவுசிங் (இன்ஜின் சுழற்றுவது), டம்மி (சும்மா உருள்வது) என்று பின்னால் இரண்டு ஆக்சில் இருந்தால் இரண்டும் சேர்ந்த எடையை எட்டு டயருக்குப் பிரிக்கலாம். முடிந்தால் தனித்தனியாக எடுப்பது இன்னும் நல்லது.

எடைச்சீட்டை வண்டியிலேயே வைத்திருங்கள். லோடு வகை மாறும்போது ஒரு முறை எடுத்தால் போதும், தினமும் தேவையில்லை.

கணக்கு

ஆரணியில் அரிசி மூட்டை ஏற்றிய ஆறு சக்கர லாரி ஒன்று. முன்னால் 6,000 கிலோ, மொத்தம் 17,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 11,200 கிலோ. முன் டயர் ஒன்றுக்கு 3,000 கிலோ, பின் டயர் ஒன்றுக்கு 2,800 கிலோ.

இந்த வண்டியில் 16 பிஆர் போட்டிருந்தால் கணக்கு இங்கேயே நின்றுவிடும். ஜோடியில் அது தாங்குவது 2,725 கிலோ, நம் எடை 2,800. எவ்வளவு காற்று அடித்தாலும் இந்த இடைவெளி மூடாது. டயரை மாற்றவேண்டும், இல்லையென்றால் லோடைக் குறைக்கவேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் உள்ள ஆக்சிலுக்கான எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. 11.5 டன்னை நான்கால் வகுத்தால் டயருக்கு 2,875 கிலோ. அதாவது சட்டம் அனுமதிக்கும் முழு எடையை 16 பிஆர் 10.00 ஆர் 20 தாங்காது. பழைய வண்டிக்குப் புது டயர் வாங்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். அதோடு உங்கள் ஆர்சியில் எழுதியிருக்கும் எடைதான் உங்களுக்கான எல்லை.

சரி, 18 பிஆர் போட்டிருக்கிறோம். கணக்கு எளிது. டயர் மேல் இருக்கும் எடையை, டயரின் உச்ச எடையால் வகுத்து, உச்ச அழுத்தத்தால் பெருக்குங்கள். முன் டயருக்கு 3,000-ஐ 3,250-ஆல் வகுத்து 135-ஆல் பெருக்கினால் சுமார் 125 பிஎஸ்ஐ. பின் டயருக்கு ஜோடி எடையை எடுக்கவேண்டும்: 2,800-ஐ 3,000-ஆல் வகுத்து 135-ஆல் பெருக்கினால் 126. மூட்டை இரு பக்கமும் சமமாக உட்காரும் என்று சொல்லமுடியாது. அதனால் பின்னால் 130 வைக்கலாம். 135-ஐத் தாண்டக்கூடாது. ஒரே ஆக்சிலில் இடது ஓர் அளவு, வலது ஓர் அளவு என்று வைக்கவும் கூடாது. அதிக எடை உள்ள பக்கத்தை வைத்து இரண்டுக்கும் ஒரே அளவு.

இந்த நேர் விகிதக் கணக்கு தேவையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ரேடியலில் காற்றை 20 சதவீதம் குறைத்தால் தாங்கும் எடை ஏறக்குறைய 15 சதவீதம்தான் குறைகிறது. அதனால் தப்பு நேர்ந்தாலும் பாதுகாப்பான பக்கத்தில்தான் நிற்போம். துல்லியமாக வேண்டுமென்றால் டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எம்ஆர்எஃப் ஆலையே அரக்கோணத்தில் இருக்கிறது, மற்ற கம்பெனிகளுக்கும் நம் ஊர்களில் டீலர்கள் உண்டு. கேட்டால் கிடைக்கும். கேட்பவர்கள்தான் குறைவு.

எல்லா லோடும் அரிசி மாதிரி கனமானது அல்ல. ஆம்பூரிலிருந்து ஷூ அட்டைப்பெட்டியும் குடியாத்தத்திலிருந்து தீப்பெட்டியும் ஏற்றும் வண்டி தார்ப்பாய் வரை நிறைந்திருக்கும், எடை மட்டும் பாதிதான் வரும். அந்த வண்டியில் 130 வைத்து ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும், நடுப்பட்டன் தேயும். கணக்கு 80-க்கும் கீழே காட்டலாம், ஆனால் அவ்வளவு இறங்கவேண்டாம். இப்படி எப்போதும் இலகுவான லோடு மட்டும் அடிக்கும் லாரிக்கு நான் பின்னால் 100 வைப்பேன், திடீரென்று ஒரு கனமான லோடு வந்தால் ஏற்றும் முன்பே அடித்துவிடுவேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ரசாயன டிரம் ஏற்றும் வண்டிக்கும் குவாரி டிப்பருக்கும் இந்தச் சலுகை கிடையாது. கனமான லோடில் போய்க் காலியாகத் திரும்பும் வண்டியிலும் காற்றை இறக்கவேண்டாம். காலியாக வரும்போது கொஞ்சம் குலுங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிக்கப், மினி லாரி வைத்திருப்பவர்களுக்கு

நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி அடிக்கும் பிக்கப்பில் நிலைமை தலைகீழ். அகலமான, கூடுதல் ப்ளை டயர் மாட்டிவிட்டு, சைடில் 80 என்று இருக்கிறதே என்று 80 அடித்துவிடுகிறார்கள். ஓர் உதாரணம் பாருங்கள். பழைய டயர் 65 பிஎஸ்ஐயில் 950 கிலோ தாங்கும், புது டயர் 80-இல் 1,150 கிலோ தாங்கும். லோடோடு பின் ஆக்சில் எடை 1,500 கிலோ, டயருக்கு 750. பழைய டயருக்குக் கணக்குப் போட்டால் 51, புது டயருக்கு 52. வண்டியின் எடை மாறாததால் எண்ணும் ஏறக்குறைய மாறவில்லை. ஸ்டிக்கரில் பின்னால் 54 என்று இருந்தால் 54-லேயே நில்லுங்கள். கணக்கு எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே போகாதீர்கள். கார் டயரை பிக்கப்பில் மாட்டுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அளவு பொருந்தினாலும் லோடு இன்டெக்ஸ் பொருந்தாது.

அளப்பது: காலையில், குளிர்ந்த டயரில்

மேலே சொன்ன எண்கள் எல்லாம் வண்டி குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் நின்றபிறகு, வெயில் ஏறும் முன் அளப்பவை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் 120 பிஎஸ்ஐ டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறிவிடும். ஓடிய சூடு தனி. காலையில் 120 இருந்த டயர், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 135 காட்டினால் அதில் தப்பு எதுவும் இல்லை. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குவது பெரிய தவறு. இறக்கிய டயர் ஆறியதும் 105-க்கு வந்து நிற்கும், மறுநாள் அதில்தான் லோடு ஏறும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்ததும் பிரேக் சூடு டிஸ்க் வழியாக டயருக்கு ஏறியிருக்கும். அப்போதும் அளக்காதீர்கள், ஆற விடுங்கள்.

வழியில் ஒரு டயர் மட்டும் குறைவாகத் தெரிந்து, ஆறும்வரை நிற்கமுடியாது என்றால், அதே ஆக்சிலில் உள்ள மற்ற டயர்களின் சூடான அளவுக்குச் சமமாக அடித்து, மறுநாள் காலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏன் குறைந்தது என்று முதலில் பாருங்கள். ஆணியா, வால்வு பின்னா?

காற்றை அளக்கும் கேஜ் ஒன்று சொந்தமாக வாங்குங்கள். கம்ப்ரஸரோடு கிடக்கும் கேஜ் நாள் முழுக்கத் தரையில் விழுந்து எழுந்தது, அதை நம்பி ஒரு செட் டயரை ஓட்டமுடியாது. 160 பிஎஸ்ஐ வரை காட்டுவதாகவும், ஜோடியின் உள் டயர் வால்வுக்கு எட்டுவதற்காக இரட்டை முனை உள்ளதாகவும் இருக்கட்டும். கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பதை விடவேண்டாம், பஞ்சரான டயரை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் 125-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம் எந்தக் காதுக்கும் கேட்காது. கண்ணையும் நம்பமுடியாது. ரேடியலின் சைடு லோடில் இயல்பாகவே பிதுங்கித் தெரியும். நைலானிலிருந்து ரேடியலுக்கு மாறியவர்கள் அதைப் பார்த்துக் காற்று குறைவு என்று நினைத்து மேலே மேலே அடிக்கிறார்கள். நைலானையும் ரேடியலையும் ஒரே ஆக்சிலில் கலக்கவும் கூடாது.

வாரம் ஒரு முறை எல்லா டயரையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். புதிதாக மாட்டிய டயரை மறுநாளே ஒரு முறை அளக்கவேண்டும். முதல் நாளில் டயர் சற்று விரிந்து கொடுப்பதால் அழுத்தம் இறங்கியிருக்கும். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்குச் செலவழிப்பதைவிட, தொட்டித் தண்ணீரைத் தினமும் வடிக்கும் கம்ப்ரஸர் உள்ள கடையாகப் பார்த்துப் போங்கள். ஈரக் காற்று டிஸ்கையும் உள்ளே இருக்கும் கம்பியையும் அரிக்கும். ரீட்ரேட் போட்ட, அதாவது தேய்ந்தபின் மேலே புது ரப்பர் ஒட்டிய டயருக்குத் தனி அளவு இல்லை, அடியில் இருக்கும் டயரின் எண்ணே அதற்கும். அதை முன்னால் மாட்டாதீர்கள்.

ஜோடி டயர்

ஜோடியில் ஒன்று 125, இன்னொன்று 95 என்றால் 125 உள்ளது தன் பங்குக்கு மேல் எடையைச் சுமக்கும். 95 உள்ளது மடிந்து மடிந்து சூடாகும். கடைசியில் இரண்டும் கெடும். பெரும்பாலும் குறைவது உள் டயர், கை எட்டாததால் யாரும் அளப்பதில்லை. வால்வுக்கு எக்ஸ்டென்ஷன் மாட்டிவிட்டால் இந்தச் சாக்குக்கு இடமில்லை. இரண்டுக்கும் 5 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். 10.00 ஆர் 20 அளவில் இரு டயரின் விட்டத்திலும் அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அதனால் புதியதையும் பாதி தேய்ந்ததையும் ஜோடி சேர்க்காதீர்கள். சிறு வித்தியாசம் இருந்தால் தேய்ந்ததை உள்ளே போடுங்கள். குவாரிக்குப் போகும் வண்டியில் இரண்டுக்கும் நடுவே சிக்கும் கல்லை ஒவ்வொரு நடையிலும் பார்த்து எடுக்கவேண்டும்.

காற்று அடிக்கும்போது

வைத்திருக்கவேண்டிய அளவில் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்து ஓடிய டயரை, அதாவது 125-க்குப் பதில் 100-க்கும் கீழே ஓடியதை, அப்படியே காற்று அடித்து ஓட்டாதீர்கள். சைடுக்குள் கம்பிகள் மடங்கி மடங்கி அறுந்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. காற்று ஏற ஏற, மீதிக் கம்பிகள் வரிசையாக அறுந்து சைடு ஒரே நொடியில் பிளக்கும். கழற்றி, உள்ளே தடவிப் பார்த்து, கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்கவேண்டும். அடிக்கும்போது பொடுபொடுவென்று சத்தம் கேட்டால் அருகில் போகாமல் காற்றை விட்டுவிடுங்கள்.

20 இன்ச் டியூப் டயர்களில் டிஸ்கோடு, டயரைக் கழலாமல் பிடிக்கும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் இருக்கும். அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் பறந்து வரும், எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டவே கூடாது. வால்வில் கவ்விக்கொள்ளும் கிளிப், நீளமான ஹோஸ், டயருக்கு நேரே இல்லாமல் ஓரமாக நிற்பது, இம்மூன்றும் இல்லாத கடையில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் கடையில் இருக்கும் சின்னப் பையன்தான். "தம்பி, ஓரமா நில்லு" என்று நாம்தான் சொல்லவேண்டும். ஜோடி டயரைக் கழற்றும்போது நட்டைத் தளர்த்தும் முன்பே இரண்டிலும் காற்றை முழுக்க விட்டுவிடச் சொல்லுங்கள்.

வைத்த அளவு சரிதானா?

பிக்கப்பில் சாக்பீஸ் போதும். பட்டன் மேல் குறுக்காகத் தடித்த கோடு போட்டு, லோடோடு நேரான தார் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கோடு முழு அகலத்துக்கும் சமமாக அழிந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் அழிந்து நடு மிஞ்சினால் குறைவு. அப்போதும் மூன்று, நான்கு பிஎஸ்ஐக்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள், ஸ்டிக்கர் அளவுக்குக் கீழேயும் இறங்காதீர்கள். லாரி டயரில் இந்தச் சோதனை தெளிவாகத் தெரியாது. அதற்குப் பட்டன் ஆழம் அளக்கும் சிறு கேஜ் வாங்கி, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் அது காற்றின் குற்றம் இல்லை, அலைன்மென்ட் பாருங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடுகிறோம். அது முன்னால் போகுமா பின்னால் போகுமா என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் வண்டியில் எந்த டயருக்கு அதிக அளவோ, அதையே ஸ்டெப்னிக்கும் வையுங்கள். அதிகமாக இருந்தால் ரோட்டோரத்தில் இறக்கிக்கொள்ளலாம், குறைவாக இருந்தால் நடுராத்திரியில் கண்ணமங்கலம் தாண்டி அடிக்க ஆள் கிடைக்காது.